"ஓனர் இருக்காரா?": வேலையில் உட்கார விடாத நாளில் உங்களுக்கு நடந்தது என்ன?

கொலுசுப்பட்டறை

தலைப்பே போதும் என்று நினைக்கிறேன்: முதலாளியின் கவனம் சிதறிய கதைகள். எனக்குச் சேலம் செவ்வாய்பேட்டையில் பட்டறை. வெள்ளித் தொழிலில் இருப்பவன் எம்சிஎக்ஸ் சந்தை ரேட் பார்க்காமல் இருக்க முடியாது, அது ராத்திரி 11.30 தாண்டியும் மண்டைக்குள் ஓடும் என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கூலிக்குச் செய்து தரும் ஒருவர், அப்பா காலத்து ஆள். வாங்கிப்போன வெள்ளியைக் கொலுசாக்கிக் கொண்டுவந்தார். சாயங்காலம், கடையில் நாலு பேர் நிற்கிற நேரம். பையைத் தராசில் வைத்தார். எண் ஓடி நின்றது. நான் எழுத வேண்டியது கொடுத்த எடை, வந்த எடை, சேதாரம், டச் (வெள்ளியின் தரம்). நோட்டு திறந்திருக்கிறது, பேனா கையில் இருக்கிறது. சரியாக அந்த நேரம் ரேட் விழுந்தது. இரண்டு பார்ட்டி அடுத்தடுத்து லைனில். பேசி முடித்துத் திரும்பினால், அவர் பையைத் தராசிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஏண்ணே எடுத்துட்டீங்க?"

"நீங்க பாக்காத எடை எடையில்லீங்க தம்பி. முடிச்சிட்டு வாங்க, மறுபடி வெக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையா, குத்தலா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. கிராம் கணக்கில் தகராறு வருகிற தொழில், அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார், அவ்வளவுதான் என்று பங்காளி சொல்கிறான். இருக்கலாம். ஆனால் அவர் வாசலில் தலை தெரிந்தால் என் கை தானாகப் போனை டிராயரில் போடுகிறது. மற்றவர்கள் வந்தால் போடுவதில்லை, அது வேறு விஷயம்.

உங்களுக்கு யார், எப்படி?

லீபஜார் மஞ்சமண்டி

போனை டிராயரில் போடுகிற கதையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் இருக்கிறது.

என் மச்சான் ஒரு ஓட்டலில் நடந்த வகுப்புக்குப் போய்வந்தார். முதலாளிகளுக்கான வகுப்பு, கோட் போட்டவர் நடத்தியது. காலையில் முதல் இரண்டு மணி நேரம் போன் கூடாது, பெரிய முடிவுகளை அப்போதுதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். இவரும் ஆறிலிருந்து எட்டு வரை ஆஃப்.

மகாராஷ்டிராவுக்குப் போன மஞ்சள் லோடு, ராத்திரி ஆக்சில் கட். வேறு வண்டியில் மாற்றி ஏற்றியாயிற்று. வண்டி மாறினால், சரக்கோடு போகிற இ-வே பில்லில் வண்டி நம்பர் இருக்கிற பார்ட் பியை மாற்ற வேண்டும், தெரியும்தானே. டிரைவர் விடிகாலையிலிருந்து அடிக்கிறார், போன் ஆஃப். அவரும் எவ்வளவு நேரம்தான் ரோட்டோரம் நிற்பார்? பழைய நம்பர் பில்லோடு கிளம்பிவிட்டார். சோதனையில் பிடித்தார்கள்.

நான் அன்றைக்கு மச்சான் மண்டியில்தான் இருந்தேன். எட்டு மணிக்குச் சிரித்த முகத்தோடு போனை ஆன் செய்து மேஜையில் வைத்தார். அது வைப்ரேட் ஆகி ஆகி, நகர்ந்து நகர்ந்து, என் டீ கிளாஸில் வந்து முட்டி நின்றது. அத்தனை மெசேஜ். அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. 5 சதவீத வரிச் சரக்கு என்பதால் தப்பித்தார், 18 சதவீதமாக இருந்தால் நினைத்துப்பாருங்கள்.

மண்டிக்காரனுக்குப் போன்தான் கடை. கடையை மூடிவிட்டுக் கவனம் செலுத்தச் சொன்னால் எதில் செலுத்துவது?

ஜவ்வரிசி மேனேஜர்

மண்டி அண்ணாவுக்கு ஒன்று. பார்ட் பியை டிரான்ஸ்போர்ட்காரரே மாற்றலாம், மச்சான்தான் மாற்ற வேண்டும் என்பதில்லை. போன் ஆஃப் ஆனதால் அல்ல, அந்த ஒரே போனை விட்டால் வேறு வழியில்லாமல் வைத்திருந்ததால்தான் அபராதம். சரி, என் கதை.

ஆத்தூர் பக்கம் ஆலை. நான் முதலாளி இல்லை, முதலாளியின் கவனம் எந்தத் திசையில் தெறித்தாலும் போய்ப் பிடிக்கிற ஆள். தொட்டியில் மாவு படிவதற்கு விடுகிற நேரத்தைக்கூட எங்கள் முதலாளி ஒரு யோசனைக்கு விடமாட்டார். காரில் போகும்போது பாய்லர் பற்றி ஒரு வாய்ஸ் மெசேஜ், டோல்கேட்டில் திப்பி (மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை) ரேட் பற்றி ஒன்று, அடுத்து அவர் பையனின் சீட் விஷயம், எல்லாம் எனக்கு.

மாசாந்திர மின்தடை நாள். ஆலை ஓடாது, லோடு வராது, யாரும் அவரைத் தேடமாட்டார்கள். அன்றைக்கு மட்டும் மனிதர் அமைதியாக உட்கார்ந்திருப்பார். தலைவாசல் பக்கத்து விவசாயி ஒருவர் தகவல் தெரியாமல் மரவள்ளிக் கிழங்கு சாம்பிளோடு வந்துவிட்டார். "உங்க கிட்ட போட்டா ஒரு பாயிண்ட், அடுத்த ஆலையில போட்டா ரெண்டு பாயிண்ட் கூட வருதுங்க. எதுங்க நெசம்?" என்று கேட்டார். பாயிண்ட் என்பது கிழங்கில் இருக்கிற மாவுச்சத்தின் அளவு, பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதானே விலை, அவருக்கு அது டன்னுக்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கேள்வி சீசன் முழுக்க வரும். "எல்லாம் மிஷின் சொல்றதுங்க" என்று நாங்களும் அனுப்பிவிடுவோம்.

அன்றைக்கு முதலாளி எழுந்து போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயிண்ட் தொட்டிக்கு முன்னால் குந்தினார். கிழங்கைக் கூடையில் போட்டுத் தண்ணீரில் இறக்கி எடை பார்க்கிற அதே வேலைதான். பார்த்தார், தூக்கினார், மறுபடி இறக்கினார். அப்புறம் டார்ச் வாங்கி உள்ளே அடித்தார். கூடையின் ஒரு கம்பி வளைந்து தொட்டிச் சுவரில் உரசிக்கொண்டிருந்தது. உரசினால் தண்ணீருக்குள் எடை குறைவாகத்தானே காட்டும், பாயிண்டும் குறையும்தானே? கம்பியைக் கையாலேயே நிமிர்த்தினார். மறுபடி போட்டால் அந்த விவசாயி சொன்ன பாயிண்ட்.

விவசாயி ஒன்றும் பேசவில்லை, என்னைத்தான் பார்த்தார். முதலாளியும் என்னைத்தான் பார்த்தார். கம்பி எப்போதிலிருந்து வளைந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. வித்தியாசத்தைப் போட்டுக் கொடுத்தோம், அது நடந்தது. மறுநாள் கரண்ட் வந்ததும் முதலாளியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்: கூடையைத் தினமும் பார்க்கணும், நடுவில் இன்னொரு கால் வந்ததால் மீதியை அப்புறம் சொல்கிறேன் என்று. மீதி இன்னும் வரவில்லை.

ஐந்துரோடு கணக்கர்

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஒரு கிளையன்ட், கையெழுத்துப் போட வந்தவர், மூன்று தாளில் போட்டுவிட்டு நாலாவதில், போனில் மறுமுனையில் பேசியவரின் பெயரை எழுதிவிட்டார். அவ்வளவுதான்.

ஆனால் மேலே எல்லோரும் சொல்வதைப் படித்தபோது சில விஷயம் சொல்லத் தோன்றியது. முதலாளியின் கவனம் சிதறுவது போனால் மட்டும் இல்லை, தேதி தெரிந்த வேலைகளை அவசர வேலையாக மாற்றுவதாலும்தான். மாதாந்திரக் கணக்கு என்றால் விற்பனை விவரம் சொல்கிற ஜிஎஸ்டிஆர்-1 11-ம் தேதி, வரி கட்டுகிற 3பி 20-ம் தேதி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து மாதா மாதம் ஏதோ புயல் வருகிற மாதிரி பதறுகிறோம். 8-ம் தேதி காலை ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் வேறு எதையும் தொடாதீர்கள்.

அப்புறம் பணம் கொடுப்பது. நீங்கள் சரக்கு வாங்குகிறவர் பதிவு செய்த மைக்ரோ அல்லது சிறு உற்பத்தியாளராக இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து, அந்தக் கெடு தாண்டிப் பாக்கி வைத்த தொகையைக் கொடுக்கிற வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் கடைசி வாரம் "யாருக்கு எவ்வளவு பாக்கி" என்று முதலாளிகள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கு இதுதான் காரணம். வாரத்தில் ஒரு நாள் மதியம் பாக்கிப் பட்டியலை மட்டும் பார்த்தால் மார்ச்சில் மூளை காலியாக இருக்கும்.

இன்னொன்று. பொமோடோரோ என்று ஒரு முறை. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் நிற்காமல், தக்காளி வடிவ சமையலறை டைமரைத் திருகி வைத்து ஆரம்பித்தது. 25 நிமிஷம் ஒரே வேலை, 5 நிமிஷம் ஓய்வு. நாலு சுற்று முடிந்தால் பெரிய ஓய்வு. குறுக்கே ஏதாவது தோன்றினால் ஒரு தாளில் குறித்துவிட்டு வேலையைத் தொடர வேண்டும். அந்தத் தாள்தான் முக்கியம், டைமர் இல்லை. நான் கடைப்பிடிக்கிறேன். முதலாளிகள் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டும்.

மல்லித்தூள் அம்மாபேட்டை

கணக்கர் சார், 25 நிமிஷமா? எங்கள் வீட்டில் 25 நிமிஷத்தில் இரண்டு காலிங் பெல், ஒரு பால்காரர், ஒரு மாமியார்.

இங்கே எழுதுகிற ஆண்கள் எல்லோருக்கும் இழுத்து மூட ஒரு ஷட்டராவது இருக்கிறது. நான் வீட்டுப் பின்கட்டில் மசாலாப் பொடி போடுகிறேன். லைசென்ஸ், பேட்ச் நம்பர் எல்லாம் உண்டு, கடைகளுக்குப் போகிறது. ஆனாலும் சொந்தக்காரர்களுக்கு நான் "வீட்லதானே இருக்கே".

பெரிய வாணலியில் மல்லி வறுபட்டுக்கொண்டிருக்கிறது. மல்லி எப்படி என்று உங்களுக்குத் தெரியும், வாசம் எழும்பிய பிறகு கை நிற்கக் கூடாது, அடி கருகினால் அந்த பேட்ச் மொத்தமும் கசக்கும். அந்த நிமிஷம் பார்த்துப் பெரியம்மா, தன் பேத்தியின் கல்யாணப் பத்திரிகையோடு பின்கட்டுக்கே வந்துவிட்டார். தட்டு, வெற்றிலை பாக்கு, குங்குமம். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஏழு தலைமுறைக்கும் பேச்சு. என் இரண்டு கையிலும் கரண்டி.

"பெரியம்மா, இதை ஒரு நிமிஷம் கிளறுங்க, கை கழுவிட்டு வந்து வாங்கிக்கறேன்" என்று கரண்டியைக் கொடுத்தேன். முறைத்தார். ஆனால் மல்லி வாசம் அவரையும் விடவில்லை போல. தட்டைத் திண்ணையில் வைத்து, புடவையைச் செருகிக்கொண்டு, கிளறினார். நான் வந்த பிறகும் கரண்டியைத் தரவில்லை. "தீ அதிகம்டி" என்று குறைத்தது அவர்தான். அந்த பேட்ச் நன்றாகவே வந்தது, கடைக்காரர் கேட்டு வாங்கினார்.

கல்யாணத்தில் மண்டபம் முழுக்க, "பத்திரிகை வெக்கப் போன என்னை மல்லி வறுக்க வெச்சா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். புகாராகவா பெருமையாகவா என்று கேட்டால் இரண்டும்தான். இப்போது சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்னால் போன் செய்கிறார்கள். எந்த டைமரும் எனக்கு இதைச் செய்து தந்திருக்காது.

நாகலூர் எஸ்டேட்

ஏற்காட்டிலிருந்து. காபி, கொஞ்சம் மிளகு, விருந்தினருக்கு சில அறைகள்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை: 20 கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் மனம் தானாக ஒருமுகப்படும் என்று. அப்படி வந்த பெங்களூர் கம்பெனித் தலைவர் ஒருவர், போனை என்னிடமே கொடுத்து "கிளம்பும்போது தாங்க" என்றார். பழம் பறிக்கிற சீசன். பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் (தோலை நீக்கும் மிஷின்) போட்டாக வேண்டும், இல்லையென்றால் கெட்டுவிடும், அதனால் சாயங்காலம் எடை போடுகிற இடத்தில் மூச்சுவிட நேரமில்லை. கிலோவுக்குக் கூலி. மேஸ்திரியம்மா சாக்கு சாக்காகத் தூக்கி மாட்டி, பேரும் கிலோவும் சொல்லி எழுதவைக்கிறார். சுற்றிப் பெண்கள் கத்துகிறார்கள், பிள்ளைகள் ஓடுகின்றன, பல்ப்பர் சத்தம், நாய். இந்த மனிதர் ஓரமாக நின்று அதையே பார்த்தார். கை மட்டும் காலிப் பாக்கெட்டுக்குப் போய்ப் போய் வந்தது.

முடிந்ததும் மேஸ்திரியம்மாவிடம் போய், "இவ்வளவு சத்தத்துல ஒரு தடவைகூட நீங்க தலையைத் தூக்கலையே, எப்படி?" என்று கேட்டார்.

அவர் கணக்கு நோட்டை மூடிக்கொண்டே, "தூக்கினா கிலோ மாறிப்போகும் சார். அப்புறம் ராத்திரி எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க" என்றார்.

இவர் பரவசமாகி டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். கம்பெனிக் கூட்டத்தில் சொல்வாராம். எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது. அவர் என்ன எழுதியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது: கவனம், அமைதி, மலைவாழ் மக்களின் ஞானம். அந்த அம்மா சொன்னதோ பயத்தை. எடை தப்பினால் அவர் பதில் சொல்ல வேண்டியது பக்கத்துவீட்டுக்காரிக்கு. கம்பெனித் தலைவர் ஒரு மீட்டிங்கில் போனைப் பார்த்தால் யார் அவர் வாசலில் வந்து நிற்கப்போகிறார்கள்? வேண்டாம், இதை அவரிடம் சொல்லவில்லை, அறைக்குப் பணம் கொடுக்கிறவர்.

பட்டறைக்காரர் அண்ணா, உங்கள் ஆள் பையை மடிக்கு எடுத்தது குத்தலும் இல்லை, மரியாதையும் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நாளைக்குச் சேதாரத்தில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. உங்கள் பங்காளி சொன்னது சரி.

லீபஜார் மஞ்சமண்டி

மேனேஜர் தம்பி சொன்ன பிறகு விசாரித்தேன், டிரான்ஸ்போர்ட்டே பார்ட் பி போடலாம்தான். மச்சானுக்கும் சொல்லிவிட்டேன், டிரைவர்களுக்குத் தனி நம்பர் போட்டுப் பையனிடம் கொடுத்திருக்கிறார். ஆனால் அவர் ஆறிலிருந்து எட்டு வரை இன்னும் ஆஃப்தான், அந்தப் பெரிய முடிவு எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

கணக்கர் சாருக்கு ஒரு கேள்வி. 8-ம் தேதி காலை ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறீர்கள். பின்னே 10-ம் தேதி ராத்திரி பத்து மணிக்கு ஆடிட்டர் ஆபீஸ்களிலிருந்து எங்களுக்கு ஏன் போன் வருகிறது?

ஐந்துரோடு கணக்கர்

விற்பனை பில்லை 10-ம் தேதி ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு, அதுவும் பாதி வெட்டுப்பட்ட போட்டோவாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு மட்டும்தான் வரும்.