பெரிய வீடு குழு: பிரபுவுக்கு ஆக்சிஜன் அறை

மீனா அத்தை: பிரபு வண்டியிலிருந்து விழுந்து இன்றோடு எட்டு மாதம். நடக்கிறான். பேச்சுதான் பாதியில் நின்றுவிடுகிறது. ஆக்சிஜன் அறையில் 40 நாள் உட்கார்ந்தால் மூளை தேறிவிடும் என்று ஒரு வீடியோ வந்தது. கவிதா, பார்த்துச் சொல்லேன்மா.

செந்தில் சித்தப்பா: நானும் விசாரித்தேன் அக்கா. 40 சிட்டிங் என்றால் வயலை ஒத்திக்கு வைக்க வேண்டியதுதான்.

கவிதா: எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த அறை இருக்கிறது அத்தை. காற்றழுத்தத்தைக் கூட்டி முழு ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்போம். பருத்தி உடைதான், போன் கூடாது, தலையில் எண்ணெய்கூடக் கூடாது, தீப்பிடிக்கும். ஆறாத சர்க்கரைப் புண், புகையில் மாட்டியவர்களுக்கு ஏறும் கார்பன் மோனாக்சைடு விஷம், இதற்கெல்லாம் நல்ல பலன்.

செந்தில் சித்தப்பா: அப்போ மூளைக்கும் நல்லதுதானே?

கவிதா: அங்கேதான் சிக்கல். தலையில் அடிபட்டு நாள்பட்ட தொந்தரவோடு இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் 72 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2015-ல் முடிவு வந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். ஒரு பிரிவுக்கு 40 முறை ஆக்சிஜன். மூன்றாவது பிரிவையும் 40 முறை அறையில் உட்கார வைத்து, லேசான அழுத்தத்தில் வெறும் காற்றைக் கொடுத்தார்கள், அவர்களிடம் சொல்லாமல். அறைக்குப் போன இரண்டு பிரிவும் ஒரே மாதிரி தேறியது.

மீனா அத்தை: வெறும் காற்றுக்கா!

கவிதா: ஆமாம். அந்த லேசான அழுத்தமே வேலை செய்திருக்கும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நம்பிக்கையும் தினசரி கவனிப்பும்தான் என்று மற்றவர்கள். 2013-ல் இஸ்ரேலில் 56 பேருக்கு நல்ல பலன் என்றார்கள், ஆனால் அதில் வெறும் காற்றுப் பிரிவே இல்லை. இவர்கள் எல்லோருக்கும் பட்டது லேசான அடி. பிரபுவுக்கு அப்படியா?

செந்தில் சித்தப்பா: செய்து பார்ப்பதில் என்ன கெட்டுவிடும்?

கவிதா: அவன் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறான் சித்தப்பா. அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனே வலிப்பைக் கிளப்பலாம். காது வேறு அடைத்து வலிக்கும். நரம்பு டாக்டரைக் கேட்காமல் யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

செந்தில் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செந்தில் சித்தப்பா: நேற்றே 5,000 கட்டிவிட்டேன்மா.

கவிதா: ரசீது இருக்கிறதா? மாத்திரைச் சீட்டையும் எடுத்து வையுங்கள், சாயங்காலம் நானும் வருகிறேன்.

பிரபு: டீச்சர் வர

மீனா அத்தை: பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண்ணைச் சொல்கிறான். காசு இல்லையென்று இரண்டு மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறோம்.

கவிதா: இன்றைக்கே கூப்பிடுங்கள் அத்தை.

பிரபு: 👍