வோர்ம்ஸ் ஆட்டத்தில் மனத்தை விட்டுப் போகாத ஒரு முறை: அனுபவங்களைப் பகிருங்கள்

பாளையங்கோட்டைக்காரன்

வோர்ம்ஸ் என்பது புழுக்கள் அணி அணியாக நின்று, ஒருவர் பின் ஒருவராகத் தம் முறை வரும்போது எதிரணியைச் சுடும் கணினி ஆட்டத் தொடர். அதில் ஒன்றான ஆர்மகெடான் 1999இல் வெளிவந்தது. எங்கள் வீட்டுக் கணினிக்கு அது வந்து சேர மேலும் சில ஆண்டுகள் ஆயின. புனிதக் கைக்குண்டைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். எறிந்து, உருண்டு, ஓரிடத்தில் நின்ற பிறகு ‘அல்லேலூயா’ என்று ஒரு பாடகர் குழு முழங்கும். மறுகணம் பாதி மலையைக் காணாது. டீம்17 நிறுவனத்தார் தாமே யோசித்துச் செய்த ஆட்டத்தில் இப்படி ஒரு குறும்பு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. ஊசிக்கோபுரத் தேவாலயத்துப் பாடகர் குழுவில் பல காலம் பாடிய என் அத்தை, அடுத்த அறையிலிருந்து அதைக் கேட்டுவிட்டு, “யாருல அது, சுருதியே சேராமப் பாடுறது?” என்று வந்து நின்றார்கள். திட்டு விழும் என்று நானும் அத்தை மகனும் காத்திருந்தோம். அவர்களோ தமக்கும் ஓர் அணி வேண்டும் என்று கேட்டு, அதிலிருந்த ஒரு புழுவுக்குக் காலஞ்சென்ற மாமாவின் பெயரை வைத்தார்கள்.

சொல்ல வந்தது இதுதான். ஆட்டத்தின் நடுவில் அந்த ‘மாமா’ ஒற்றை இலக்க உயிர்ப் புள்ளிகளோடு பாறை விளிம்பில் நின்றார். அவருக்கு நேர் எதிரே அத்தை மகனின் புழு, அவன் கையில் துப்பாக்கி. அவன் சுடவில்லை, தன் முறையை அப்படியே விட்டுக்கொடுத்தான். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அத்தைக்கு முறை வந்ததும், அதே மாமாவைக் கொண்டு மகனுடைய புழுவைக் கடலில் தள்ளிவிட்டுக் கைதட்டிச் சிரித்தார்கள்.

சாரல்மழை, தென்காசி

கைக்குண்டைக் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒருபோதும் ஒத்துப் போனதில்லை. கைக்குண்டைக் காற்று தொடாது. எனவே அதைக் கொண்டு ஒருவரின் திறமையை எடை போட முடியாது. குண்டை ஏவும் பசூக்காதான் சோதனை. திரையின் கீழ்மூலையில் காற்றின் திசையும் வலுவும் ஓடிக்கொண்டிருக்க, அதைக் கணக்கிட்டு அடிப்பவனே ஆட்டக்காரன். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் குடை பிடித்து நடந்து பழகிய எங்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

2012 வாக்கில், மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்களில், எங்கள் தெருவிலிருந்த கணினி மையத்தில் இது நடந்தது. இருவருக்கும் ஒவ்வொரு புழு மட்டுமே மிச்சம். ஆட்ட நேரம் முடிந்து ‘சடன் டெத்’ கட்டம் வந்து எல்லோருடைய உயிரும் ஒரே புள்ளியாகக் குறைந்துவிட்டது, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எதிரி எனக்குப் பின்னால், குன்றின் மறைவில். மையத்து அண்ணாச்சி அதுவரை ஒரு ஆட்டமும் ஆடியறியாதவர். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, “எதுத்து மேல அடில, காத்து திருப்பிக் கொண்டாந்து போடும்” என்றார். அடித்தேன். குண்டு மேலே ஏறியது, தயங்கியது, வளைந்து என் தலையைக் கடந்து பின்னோக்கி வந்தது, மின்சாரம் போய்விட்டது. எதிர்த்து ஆடிய நண்பன் இன்று ஷார்ஜாவில் இருக்கிறான். அது கடலில்தான் விழுந்திருக்கும் என்று இன்றும் சாதிக்கிறான். அது அவன் தலையில்தான் விழுந்திருக்கும்.

மேலப்பாளையம் நண்பர்

முதலில் ஒரு திருத்தம். வோர்ம்ஸின் முதல் ஆட்டம் டீம்17 நிறுவனத்தார் யோசித்துச் செய்தது அன்று. ஆண்டி டேவிட்சன் என்ற இளைஞர் தம் அமிகா கணினியில் பிளிட்ஸ் பேசிக் மொழியில் எழுதியது. ‘டோட்டல் வோர்மேஜ்’ என்று பெயரிட்டு அமிகா ஃபார்மட் இதழின் போட்டிக்கு அனுப்பினார், பரிசு கிடைக்கவில்லை. 1994இல் லண்டனில் நடந்த வணிகக் கண்காட்சிக்கு அதை எடுத்துச் சென்று டீம்17 நிறுவனத்தாரிடம் காட்டினார், 1995இல் ‘வோர்ம்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது. இரண்டாவது, பாளையங்கோட்டை நண்பர் சொல்லும் விட்டுக்கொடுத்தல் எனக்கு நம்பும்படியாக இல்லை. ஒரு முறைக்கு வழக்கமாக 45 நொடிதான். பையன் யோசித்துக்கொண்டிருக்கையில் நேரம் கடந்திருக்கலாம்.

என் அனுபவம் சிறியது. 2003இல் வந்த முப்பரிமாண வோர்ம்ஸ் ஆட்டத்தில், எதிரியின் காலடியில் விழுந்ததாக நான் நம்பிய கைக்குண்டு, கோணத்தைத் திருப்பிப் பார்த்தபோது அவனுக்கு வெகுதூரம் பின்னால் கிடந்தது. அன்றோடு அதை மூடினேன்.

இப்போது மீண்டும் ஆட விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். 2016இல் வந்த வோர்ம்ஸ் டபிள்யூ.எம்.டி.யில் தொடங்காதீர்கள், அதிலுள்ள பீரங்கி வண்டியும் ஹெலிகாப்டரும் ஆட்டத்தின் பழைய ருசியைக் கெடுக்கின்றன. 2020இல் வந்த வோர்ம்ஸ் ரம்பிளில் முறை வைத்து ஆடுவதே கிடையாது, எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள். அதன் பக்கமே போக வேண்டாம். ஆர்மகெடானையே வாங்குங்கள். அது இன்றும் இணையக் கடைகளில் விற்பனைக்குக் கிடைக்கிறது, ரசிகர்கள் இருவர் நிறுவனத்தின் ஒப்புதலோடு அதைப் பல ஆண்டுகளாகச் செப்பனிட்டு வருகிறார்கள், 3.8 பதிப்பு 2020இல் வந்தது, ஆகவே புதிய கணினிகளிலும் ஓடும். ஒரே விசைப்பலகையைக் கைமாற்றிக் கொண்டு ஆடுங்கள். புதிதாக ஆடுகிறவருக்குக் கயிற்றை முதல் நாளே கொடுக்காதீர்கள். நிஞ்சா கயிற்றில் தொங்கிப் பழகாதவர் தம் புழுவைத் தாமே சுவரில் மோதவிட்டு, சலித்து எழுந்து போய்விடுவார். சாதாரணக் கைக்குண்டின் திரி நேரத்தை எண் விசைகளால் ஒன்று முதல் ஐந்து நொடி வரை மாற்றலாம் என்பதை மட்டும் முதலில் சொல்லிக்கொடுங்கள்.

பாளையங்கோட்டைக்காரன்

திருத்தத்திற்கு நன்றி. நேரம் கடந்தது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அவன் ஆயுதப் பட்டியலைத் திறந்து, மவுஸால் தேடி, முறையை விடும் கட்டத்தைத் தொட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஆற்றங்கரை, அம்பாசமுத்திரம்

யாரும் கேட்காத அறிவுரைகளுக்கு நடுவில் என் அப்பாவுக்கும் ஓர் இடம் கொடுங்கள். 2020 ஊரடங்கின்போது சென்னையிலிருந்து திரும்பிய தம்பி தன் மடிக்கணினியில் இதை நிறுவினான். பதிவுத் துறையில் ஓய்வு பெற்ற அப்பா இரண்டு நாள் ஓரமாக இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வானத்திலிருந்து விழுந்து நிலத்தை அடிவரை துளைத்துக்கொண்டு போகும் கான்கிரீட் கழுதை உட்பட அத்தனை ஆயுதங்களும் அவர் அணியிடம் இருந்தன. அவர் எதையும் தொடவில்லை. முறை முறையாகத் தம் புழுவை நடத்திக்கொண்டே போனார். இடையில் இருந்த பள்ளத்தின் மேல் இரும்புச் சட்டம் ஒன்றைப் பாலமாக வைத்தார். தம்பி அவரைப் பொருட்படுத்தாமல் என்னைச் சுட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் அவர் தம்பியின் புழுவுக்குப் பக்கத்தில் போய் நின்று, பட்டியலில் இருப்பதிலேயே எளியதான ஒரு விரல் தள்ளலைத் தேர்ந்தெடுத்து, அதைக் கடலுக்குள் தள்ளினார். நூறு உயிர் முழுதாக இருந்த புழு அது.

“இதுக்குப் போய் எதுக்குலா வெடியெல்லாம்?” என்று கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்பே தம்பி விதிகளைத் திருத்தி அந்த விரல் தள்ளலை நீக்கிவிட்டான். அதைத் திரும்பச் சேர்த்தால்தான் உட்காருவேன் என்று அப்பா சொல்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் தம்பி ஊருக்கு வரும்போது இந்த வழக்கு எடுக்கப்படுகிறது. சென்ற பொங்கலில் அம்மாவும் அப்பா பக்கம் சேர்ந்துகொண்டார்.