சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் நாலு பேரைச் சந்தித்துப் பேச எந்தக் காபிக் கடை நல்லது?

பாளை_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. வேலை கிடைத்து பெங்களூர் வந்து, இப்போது அல்சூரில் ஒரு பி.ஜி.யில் இருக்கிறேன். அலுவலகம் பேருக்குத்தான், பெரும்பாலும் அறையிலிருந்தே வேலை. சில நாள் விளக்குப் போடும் நேரத்தில்தான், இன்றைக்கு நேரில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று உறைக்கும்.

இணையத்தில் பழக்கமான, தமிழ் வாசிக்கிற நாலைந்து பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு சந்திக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஒருவர் ஒயிட்ஃபீல்டு, ஒருவர் ராஜாஜிநகர், இன்னொருவர் ஜெயநகர். அதனால் நடுவில், எம்.ஜி. ரோடு சுற்றுவட்டாரம்தான் எல்லாருக்கும் வசதி.

இடம் பார்த்து வைக்கலாம் என்று அந்தப் பக்கம் ஒரு புது மாதிரிக் கடைக்குப் போனேன். காபி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டுச் சத்தத்தில் எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழாது. மேசைக்கு ஒரு லேப்டாப், ஆளுக்கு ஒரு ஹெட்போன். கப் காலியானதும் "வேற ஏதாவது வேணுமா?" என்று கடைப் பையன் வந்து வந்து நின்றார். எழுந்து வந்துவிட்டேன்.

கேட்பது இதுதான். ஐந்தாறு பேர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேச எந்தக் கடை சரி? தனியாகப் போனாலும் யாராவது பழக்கமாகக்கூடிய இடம் எது? இரண்டும் ஒரே கடையாக இருந்தால் இன்னும் நல்லது.

அல்சூர்_பழசு:

அம்மா, அல்சூரில் இருந்துகொண்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள், பதில் போடாமல் இருக்க முடியவில்லை. நான் பிறந்து வளர்ந்ததே அல்சூர்தான். எம்.ஜி. ரோட்டில் ஒரு வங்கியில் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் காபிக்கு அந்தப் பக்கம்தான் போகிறேன்.

நீங்கள் கேட்கிற இரண்டும் ஒரே கடையில் கிடைக்காது. தெரிந்தவர்களோடு பேசுகிற கடை வேறு, தெரியாதவர்கள் பழக்கமாகிற கடை வேறு. மேசை யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தனியாகப் போவதென்றால் சர்ச் ஸ்ட்ரீட் இந்தியன் காபி ஹவுஸ். பிரிகேட் கார்டன்ஸ் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே மேசை யாருக்கும் சொந்தமில்லை. கூட்ட நேரத்தில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருந்தால் எதிர் இருக்கையில் இன்னொருவர் வந்து உட்காருவார். கேட்டுக்கொண்டும் உட்காருவார், கேட்காமலும் உட்காருவார், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வெள்ளை உடுப்பும் விசிறி மடிப்புத் தலைப்பாகையுமாக வெயிட்டர் வந்து தண்ணீர் டம்ளரை வைப்பார். எதிரே இருப்பவர் கட்லெட் சொல்லியிருப்பார். சாஸ் பாட்டில் உங்கள் பக்கம் இருக்கும். நகர்த்திக் கொடுப்பீர்கள். "நீங்க எந்த ஊரு?" என்று அவர் கேட்பார். இந்த ஊரில் கன்னடத்தில் ஆரம்பிக்கிற பேச்சு இரண்டாவது வாக்கியத்தில் தமிழுக்கு வந்துவிடுவது சகஜம்.

வைஃபையை நம்பி அங்கே யாரும் வருவதில்லை. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அதையும் பாதிப் பக்கம் பிரித்து எதிரே இருப்பவருக்குக் கொடுப்பார்கள்.

இந்தக் குணம் சும்மா வந்ததில்லை. 1950களில் மத்திய அரசின் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, வேலை போன தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் கொடுத்த தைரியத்தில் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, கடைகளைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். அந்தச் சங்கங்களில் முதலாவது 1957-ல் இதே பெங்களூரில் தொடங்கியது. பரிமாறுகிறவர்களே கடைக்கும் பங்காளிகள். உங்களை எழுப்பிவிட்டு அடுத்த ஆளை உட்கார வைக்கும் அவசரம் அவர்களுக்கு வார நாட்களில் கிடையாது.

2009 வரை கடை எம்.ஜி. ரோட்டிலேயே இருந்தது. அந்த இடத்தை விட்டு இங்கே வந்தபோது வாடிக்கையாளர்களும் பின்னாலேயே வந்தார்கள். வியாழக்கிழமைதோறும் அங்கே கூடிப் பேசுகிற எங்கள் நண்பர்கள் கூட்டமும் அப்படி வந்ததுதான்.

ஆனால் ஞாயிறு காலை மட்டும் அங்கே போகாதீர்கள். தோசைக்கும் ஆம்லெட்டுக்கும் வருகிறவர்கள் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று காத்திருப்பார்கள். நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டு சிறுகதையைப் பற்றிப் பேச முடியாது.

அடுத்தது கோஷீஸ். சர்ச் ஸ்ட்ரீட் செயின்ட் மார்க்ஸ் ரோட்டில் போய் முட்டுகிற இடத்துக்குப் பக்கம். ஒரு பாதி ஏ.சி. இல்லாத பரேடு கஃபே, மறு பாதி ஏ.சி. போட்ட ஜுவல் பாக்ஸ். பேசப் போகிறவர்கள் ஏ.சி. இல்லாத பக்கம் உட்காருங்கள், சாலையைப் பார்த்த ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். பத்திரிகைக்காரர்கள், வக்கீல்கள், நாடகக்காரர்கள் தலைமுறையாக வந்து போகும் இடம். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹாவும் அங்கே வழக்கமாக வருபவர்தான், அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். ஒரு காபியோடு மதியம் முழுக்க உட்கார்ந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு மேசையும் ஏற்கெனவே ஒரு கூட்டத்துக்குச் சொந்தம். புதிதாகத் தனியே போகிறவர் எல்லாரையும் வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம், யாரும் பழக்கமாக மாட்டார்கள். விலையும் காபி ஹவுஸைவிடக் கூடுதல்.

உங்கள் ஞாயிறு கூட்டத்துக்கு என் ஓட்டு ஏர்லைன்ஸ் ஹோட்டலுக்கு. லாவெல் ரோடு பக்கம், மெட்ராஸ் பேங்க் ரோட்டில், பெரிய ஆலமரத்து நிழலில் திறந்தவெளி. சைவச் சாப்பாடு, ஃபில்டர் காபி. காரை நிறுத்திவிட்டு உள்ளேயிருந்தே சாப்பிடுகிறவர்கள் ஒரு பக்கம், குழந்தை குட்டியோடு குடும்பங்கள் ஒரு பக்கம். மேலே கூரை இல்லாததால் பத்து மேசை சேர்ந்து பேசினாலும் இரைச்சல் எதிரொலிக்காது, உங்கள் மேசைப் பேச்சு உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். ஐந்தாறு பேர் ஒருவரையொருவர் பார்த்துப் பேச இதைவிட முக்கியமாக வேறு என்ன வேண்டும்? மழைதான் ஒரே தொந்தரவு. செப்டம்பர், அக்டோபரில் சாயங்காலம் கொட்டும். காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காபிக் கடை இல்லை என்றாலும் இன்னொன்று சொல்லிவிடுகிறேன். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் உங்கள் அல்சூரில், ஏரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1950-லிருந்து நடக்கிறது, நூலகம் உண்டு. ஒரு நாள் எட்டிப் பாருங்கள்.

மழைக்குருவி:

ஐயா சொன்னதில் ஏர்லைன்ஸுக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் காபி ஹவுஸில் எதிரே யார் வந்து உட்கார்ந்தாலும் பேச்சுக் கொடுக்கலாம் என்பது ஆண்களுக்குச் சுலபம். தனியாகப் போகிற பெண் காலை நேரத்தில் போவது நல்லது. அலுவலகம் போகும் முன் காபி குடிக்க வருகிற பெண்கள், நடைப்பயிற்சி முடித்து வருகிற வயதானவர்கள் என்று கலந்திருக்கும். நான் ரெசிடென்சி ரோட்டில் வேலை பார்த்தபோது அப்படித்தான் போவேன். அங்கே பழக்கமான ஓர் ஆங்கில ஆசிரியை இன்றைக்கும் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறார்.

இன்னொன்று, பாளைத் தங்கச்சி. இணையத்தில் மட்டும் தெரிந்தவரை முதல் தடவை பார்க்கும்போது நேராகக் கடை மேசைக்கு வரச் சொல்லாதே. சர்ச் ஸ்ட்ரீட்டிலேயே பிளாசம், புக்வோர்ம் இரண்டு புத்தகக் கடையும் இருக்கின்றன. பிளாசமில் பழைய புத்தக அடுக்குப் பக்கம் வரச் சொல். அவர் தாமதமாக வந்தாலும் உனக்குப் பொழுது போகும். அவர் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். சரிப்படும் என்று தோன்றினால் அப்புறம் காபி. இல்லையென்றால் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடலாம், எம்.ஜி. ரோடு மெட்ரோ பக்கத்திலேயே.

சனிக்கிழமை காலையில் கப்பன் பார்க்கில் கப்பன் ரீட்ஸ் என்று ஒரு கூட்டம் கூடுகிறது. பாயை விரித்து அவரவர் புத்தகத்தை அவரவர் சத்தமில்லாமல் படிப்பார்கள். பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் கூச்சப்படுகிறவர்களுக்கு ரொம்ப நல்லது. முடித்துவிட்டு இரண்டு மூன்று பேராகக் காபிக்குக் கிளம்புவார்கள். அதில் ஒட்டிக்கொள்.

பை_டூ_காபி:

முதல் சந்திப்புக்கு உட்காருகிற கடையே வேண்டாம் என்பது என் கட்சி. மல்லேஸ்வரம் வீணா ஸ்டோர்ஸ், சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பார் மாதிரி நின்றுகொண்டே சாப்பிடுகிற இடமாகப் பாருங்கள். எம்.ஜி. ரோட்டிலிருந்து தூரம்தான், ஆனாலும் சொல்கிறேன். இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதை ஓரம் நிற்கும்போது பேச்சு தானாக வரும். "சட்னி இன்னும் வேணுமா?" என்பதே ஆரம்பம். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பை டூ போட்டுக் குடிப்பது இந்த ஊர் வழக்கம். அப்படிக் குடித்தால் யார் காசு கொடுப்பது என்ற சங்கடம்கூடச் சின்னதாகிவிடும். பத்து நிமிடத்தில் டம்ளர் காலி. பிடித்திருந்தால் இன்னொரு பை டூ, இல்லையென்றால் அவரவர் வழி.

பாளை_பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஏர்லைன்ஸ் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். மழைக்குருவி அக்கா, நீங்களும் வாருங்களேன். தமிழ்ச் சங்கம் நான் இருக்கும் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான், சனிக்கிழமை போகிறேன்.

ஐயா, உங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் வெளியாட்கள் உட்காரலாமா?

மழைக்குருவி:

ஞாயிறு வருகிறேன். வியாழக்கிழமைக்கும் துணைக்கு வேண்டுமென்றால் சொல், நானும் வருகிறேன்.

அல்சூர்_பழசு:

தாராளமாக, இரண்டு பேருமே வாருங்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கூடுவோம், உங்களுக்கு வேலை முடிய நேரமானால் ஐந்தரைக்குக்கூட வரலாம். பழைய காபி விளம்பரப் படங்கள் மாட்டியிருக்கிற சுவர்ப் பக்கம் நரைத்த தலைகளாகத் தெரியும். ஒருவர் ரயில்வேயில் இருந்தவர், ஒருவர் அச்சகம் வைத்திருந்தவர். தமிழ், கன்னடம், தக்கினி என்கிற இந்தப் பக்கத்து உருது எல்லாம் கலந்து போகும், புரியாததை நிறுத்திக் கேளுங்கள்.

ஞாயிறுக்கு ராஜாஜிநகர், ஜெயநகர் நண்பர்களை மெஜஸ்டிக்கில் மெட்ரோ வண்டி மாறி எம்.ஜி. ரோட்டில் இறங்கச் சொல்லுங்கள். அங்கிருந்து சர்ச் ஸ்ட்ரீட் வழியாக நடந்தே ஏர்லைன்ஸுக்கு வந்துவிடலாம். ஒன்பதரைக்கு மேல் குடும்பங்கள் வர ஆரம்பித்துவிடும், அதனால் முதலில் வருகிறவர் மரத்தடியில் பெரிய மேசையாகப் பார்த்துப் பிடித்து வைக்கட்டும்.