[கலைச்சொல்] மெடிக்கல் லாஸ் ரேஷியோ: "மருத்துவ இழப்பு விகிதம்" சரியா?

அமெரிக்காவின் மெடிகேர் அட்வான்டேஜ் தொடர்பான சட்டவரைவுகளுக்குத் தமிழ்க் குறிப்பு தயாராகிறது. பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு பணம் கொடுக்க, தனியார் நிறுவனங்கள் நடத்தும் காப்பீடு அது. வரவில் 85 விழுக்காடாவது மருத்துவத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2014 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த அளவுக்குப் பெயர்தான் மெடிக்கல் லாஸ் ரேஷியோ. "மருத்துவ இழப்பு விகிதம்" என்று போட்டால் ஏதோ ஆஸ்பத்திரிக்கு நட்டம் என்று படிக்கிறார்கள். வேறு சொல் உண்டா?

———

'லாஸ்' தீ, கப்பல் காப்பீட்டுப் பேச்சு. அங்கே எரிந்ததும் மூழ்கியதும் உண்மையிலேயே இழப்பு. ஒரு பாட்டியின் கண்புரை அறுவைக்குக் கட்டும் பணத்தை இழப்பு என்பது காப்பீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கும் பார்வை.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். காப்பீட்டு நிறுவனம் அரசோடு செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தத்தின் வரவு 1,000 டாலர். வரி, உரிமக் கட்டணம் 20 கழிந்தால் பகுதி (பின்னத்தின் கீழ் எண்) 980. சிகிச்சைக் கோரிக்கைகளுக்குக் கொடுத்தது 800, தர மேம்பாட்டுக்கு 20, தொகுதி (மேல் எண்) 820. விடை 83.7 விழுக்காடு. விதிப்படி 980-இல் 85 விழுக்காடு, அதாவது 833 டாலர் போயிருக்க வேண்டும், எனவே 13 டாலரை அரசுக்குத் திருப்ப வேண்டும். தொடர்ந்து 3 ஆண்டு தவறினால் புது உறுப்பினர் சேர்க்கத் தடை. 5 ஆண்டு தவறினால் ஒப்பந்தமே ரத்து.

3:4 போன்ற ஒப்பீடு இல்லை இது, நூற்றுக்கு இத்தனை என்பதுதான். ஆகவே 'விகிதம்' வேண்டாம், 'வீதம்' போதும். 'நலச்செலவு வீதம்' எப்படி?

———

> 'நலச்செலவு வீதம்' எப்படி?

வீதம் சரி. 'நல' ஒட்டாது, நிறுவனத்தின் விளம்பரத் தாளில் அச்சடிக்க வாகான சொல் அது.

பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்தக் கிளினிக், சொந்த மருந்தகம் உண்டு. காப்பீட்டுப் பிரிவு தன் கிளினிக்குக்கு 100 டாலர் கொடுத்தால் அந்த நூறும் தொகுதியில் ஏறும். கிளினிக் 70-க்கு வைத்தியம் பார்த்துவிட்டு 30-ஐ லாபமாக வைத்துக்கொண்டாலும் வீதம் இறங்காது. பணம் இடது பையிலிருந்து வலது பைக்குப் போனதுதான் மிச்சம், 85 என்ற வேலியைத் தாண்டியாயிற்று! வெளிப்படைத்தன்மை கேட்பவர்கள் கை வைப்பது இந்த இடத்தில். அப்படியிருக்க, பணம் நலத்துக்குத்தான் போனது என்று நம் கலைச்சொல்லே ஏன் சான்றிதழ் கொடுக்க வேண்டும்?

'செலவு' என்பதிலும் குழப்பம் இருக்கிறது. முதியவர் தன் கைக்காசிலிருந்து கட்டுவதும் மருத்துவச் செலவுதானே.

'கொடுப்பனவு' என்று வைக்கலாம். இலங்கையில் அன்றாடச் சொல், தமிழ்நாட்டிலும் புரியும். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்க இடம் விடுகிறது. மருத்துவக் கொடுப்பனவு வீதம். தன் குழுமத்துக்கே கொடுத்தால் உள்கொடுப்பனவு, மற்றவர்களுக்கு என்றால் வெளிக்கொடுப்பனவு.

———

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "ஒவ்வோர் ஒப்பந்தத்தின் மருத்துவக் கொடுப்பனவு வீதத்தையும், அதில் உள்கொடுப்பனவு எவ்வளவு என்பதையும் தனித்தனியே வெளியிட வேண்டும்." தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஒரு சந்தேகம்: அந்த 20 டாலர் தர மேம்பாட்டுப் பணத்தில் நிறுவனத்தின் சொந்த ஊழியர் சம்பளமும் வரலாமே, அது கொடுப்பனவா?

———

கண்டிப்பாகப் பார்த்தால் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் பெயரிலேயே திணிக்க முடியாது. வரையறையில் "சிகிச்சைக் கொடுப்பனவும் தர மேம்பாட்டுச் செலவும்" என்று தொகுதியை விரித்து எழுதிவிடுங்கள். பகுதியைப் 'பிரீமியம்' என்று மட்டும் எழுத வேண்டாம். அதில் பெரும்பங்கு அரசு மாதாமாதம் தலைக்கு இவ்வளவு என்று தருவது. 'நிகர வரவு' பொருந்தும்.

நோய்க் குறியீட்டைக் கூட்டி எழுதி அரசிடம் அதிகம் வாங்குவதைத் தடுக்கும் 'நோ அப்கோட்' வரைவு வேறு சங்கதி, அதற்குத் தனி இழை தொடங்கலாம். இந்தக் குறிப்புக்கு இன்னும் ஒரு சொல் வேண்டியிருக்கும்: 'உறுப்பினர்-மாதம்'. ஒருவர் ஒரு மாதம் காப்பீட்டில் இருந்தால் அது ஓர் உறுப்பினர்-மாதம். 2,400 உறுப்பினர்-மாதத்துக்குக் குறைந்த ஒப்பந்தங்களுக்கு, அதாவது ஆண்டு முழுக்க 200 பேர்கூட இல்லாதவற்றுக்கு, 85 விதியின் தண்டம் கிடையாது.