கார்டை ஃபார்மட் பண்ணச் சொல்லுது, பண்ணட்டுமா?

குழு: ஒறம்பரை

[காலை 6:41] சென்னிமலை சித்தப்பா: தம்பி, போன்ல எஸ்டி கார்டு கெட்டுப்போச்சுனு வருது. அதைத் தட்டினா ஃபார்மட் பண்ணட்டுமானு கேக்குது. தட்டலாமா? சீர்ப் படமெல்லாம் அதுக்குள்ளதான் இருக்குது.

[காலை 6:43] ஈரோடு அண்ணா: தொட்டுப் போடாதீங்க சித்தப்பா. அந்த அறிவிப்பை ஒதுக்கி விட்டுட்டு போனை ஆஃப் பண்ணுங். கார்டை வெளிய எடுத்து ஒரு காயிதத்துல மடிச்சு கம்முனு வைங்க.

[காலை 6:44] ஈரோடு அண்ணா: போனுக்கு கார்டைப் படிக்க முடியலைன்னா அதுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் ஃபார்மட்தானுங்க. உள்ள என்ன இருக்குதுன்னு அது பாக்காது. படிக்க முடியாததுக்குக் காரணம் வேற வேற இருக்கலாம்: தூசி, எழுதிட்டிருக்கறப்ப உருவினதால பாதில நின்ன ஃபைல், கார்டே தேய்ஞ்சு போனது. எதுன்னு பார்த்துட்டுத்தான் கை வெக்கோணும்.

[காலை 6:52] சென்னிமலை சித்தப்பா: எடுத்துட்டேன். ட்ரேயில பஞ்சாட்டம் என்னமோ ஒட்டியிருக்குது.

[காலை 6:55] ஈரோடு அண்ணா: தறிப்பட்டறைல இருக்கற போனுக்கு அது சகஜமுங்க. கார்டைத் திருப்பிப் பாருங், தங்கக் கலர்ல 8 பட்டை இருக்கும். அது மங்கியோ கறுத்தோ இருந்தா வெள்ளை ரப்பரால மெல்லமா, பட்டையோட நீளவாக்குல ரெண்டு தேய்ப்பு, அவ்வளவுதான். ரப்பர் துகள் ஒண்ணுகூட நிக்காம காஞ்ச பருத்தித் துணில தொடைங்க. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இருந்தா அது இன்னும் நல்லது. தண்ணி, தேங்கா எண்ணெ, சானிடைசர் ஆகாது. ட்ரே பொந்துக்குள்ள வாயால ஊதாதீங்க, எச்சி ஈரம் உள்ள போயிரும்.

[காலை 7:20] சென்னிமலை சித்தப்பா: தொடைச்சுப் போட்டேன். மறுக்காவும் அதேதான் வருது.

[காலை 7:22] திருப்பூர் தம்பி: சித்தப்பா, இனி அந்தப் போன்ல போட வேண்டாம். வேற போன்லயும் போட வேண்டாம், அதுவும் ஃபார்மட் பண்ணத்தான் கேக்கும். கார்டு ரீடர்ல வெச்சு கம்ப்யூட்டர்ல பாருங்க. சின்னக் கார்டைப் பெரிய அடாப்டர்ல சொருகறதா இருந்தா, அடாப்டர் இடது ஓரத்துல இருக்கற குட்டி லாக்கை இந்தத் தாட்டி கீழ தள்ளி வைங்க. படிக்க மட்டும் விடும், எழுத விடாது. இப்ப நமக்கு அதுதான் வேணும்.

[காலை 7:24] திருப்பூர் தம்பி: கம்ப்யூட்டர்ல மூணுல ஒண்ணு நடக்கும். ஃபோல்டர் தெரிஞ்சா மொதல்ல எல்லாத்தையும் காப்பி பண்ணுங்க. "டிரைவை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்"னு வந்தா கேன்சல் அடிங்க, எந்தப் படம் எங்க இருக்குதுன்னு சொல்ற ஃபைல் அட்டவணை சிதைஞ்சிருக்குதுன்னு அர்த்தம், படம் பெரும்பாலும் உள்ளயே கிடக்கும். டிரைவே காட்டலைன்னா கார்டை நடத்தற சிப்பு, கண்ட்ரோலர்ங்கறது, போயிருக்கலாம். அப்பிடின்னா சாஃப்ட்வேர் எதுவும் உதவாது.

[காலை 7:26] காங்கேயம் அக்கா: "இந்த டிரைவில் சிக்கல் உள்ளது, ஸ்கேன் செய்து சரிசெய்"னு ஒரு பொட்டி வருமே, அதைக் கொடுத்துப் பார்க்கலாமில்ல?

[காலை 7:29] திருப்பூர் தம்பி: காப்பி எடுத்ததுக்கு அப்பறம் கொடுக்கலாம்க்கா, முன்னாடி வேண்டாம். அதுவும் செக்டிஸ்க்னு டிஸ்க்கைச் சோதிக்கற விண்டோஸ் கட்டளையும் ஒண்ணுதான். ஃபைல் சங்கிலி அறுந்து கிடந்தா அதைக் கூட்டி ஃபவுண்ட்.000ன்னு ஒரு ஃபோல்டர்ல ஃபைல்0000.சிஎச்கேன்னு தள்ளிரும். கார்டு ஒழுங்காயிரும், படம் துண்டு துண்டாயிரும். மீட்பு சாஃப்ட்வேர் தேடற தடயத்தையும் கலைச்சுரும்.

[காலை 7:31] காங்கேயம் அக்கா: சரி, ஒத்துக்கறேன். அட்டவணை சிதைஞ்ச கேஸுக்கு ஃபோட்டோரெக்னு ஒரு மீட்பு சாஃப்ட்வேர் சொல்லலாம். காசில்லாதது. கார்டைத் தேர்வு பண்ணி, மீட்ட படத்தைக் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்ல போடச் சொல்லோணும். அதே கார்டுல போடச் சொன்னா, மீட்கற படமே மீட்காத படத்து மேல ஏறிக்கும். பேரெல்லாம் போயிரும், ரெகப்_டிர்.1ன்னு ஃபோல்டர்ல எஃப்னு ஆரம்பிக்கற நம்பரா வந்து விழுகும். தேதி வாரியாப் பிரிக்க ஒரு பொழுது ஆகும், ஆனா படம் வரும்.

[காலை 7:40] கோபி அத்தை: அப்பிடின்னா ஃபார்மட் பண்ணினாலும் படம் அழியறதில்லையா கண்ணு?

[காலை 7:44] ஈரோடு அண்ணா: போன்ல பண்றது பெரும்பாலும் வேக ஃபார்மட்டுங்க அத்தை. காட்டை உழுது போடறதில்லை, பட்டாப் புஸ்தகத்தைக் கிழிச்சுப் போடறது மாதிரி. பயிர் அங்கயே நிக்கும், ஆனா யாரோட காடுன்னு சொல்ல ஆளில்லை. புதுசா வெதைக்க வெதைக்கத்தான் பழசு போகும். அதனாலதான் தப்பி ஃபார்மட் பண்ணிட்டா அந்த நிமிசமே கார்டை உருவி வைக்கோணும், ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. அதே காரணத்துனால கார்டை வேற ஆளுக்குக் கொடுக்கும்போது வேக ஃபார்மட் பத்தாது. எஸ்டி அசோசியேஷனோட எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டர்ங்கற புரோகிராம்ல ஓவர்ரைட்னு, பழசு மேல எழுதி அழிக்கறதைத் தேர்வு பண்ணோணும்.

[காலை 7:58] கோபி அத்தை: நல்லதாப் போச்சு. நானும் ஒண்ணு கேக்கோணும். புதுசா 128 ஜிபி கார்டு வாங்கிப் போட்டேன். "போன் ஸ்டோரேஜா, போர்ட்டபிள் ஸ்டோரேஜா"ன்னு கேட்டுட்டு நிக்குது. போன் நெம்பிப் போச்சு, அதுக்கோசரந்தான் வாங்கினது. மொதல்ல இருக்கறதைத் தட்டட்டுமா?

[காலை 8:02] ஈரோடு அண்ணா: போர்ட்டபிள் தட்டுங்க அத்தை, கழட்டி வேற எதுலயும் போட்டுப் பாக்கற மாதிரி கார்டு தனியா இருக்கும். இந்த ஒரு இடத்துலதான் நெறையப் பேர் மாட்டிக்கறாங்க, சித்தெ விவரமாச் சொல்றேன்.

[காலை 8:06] ஈரோடு அண்ணா: போன் ஸ்டோரேஜா, அதாவது கார்டைப் போனோட சொந்த எடமாவே சேர்த்து, ஃபார்மட் பண்ற வசதி 2015ல ஆண்ட்ராய்டு 6ல வந்தது. எல்லாக் கம்பெனியும் கொடுக்கறதில்லை, சாம்சங் போன்ல அந்தக் கேள்வியே வராது. அதைக் கொடுத்தா போன் அந்தக் கார்டைப் பூட்டுப் போட்டு எழுதும். சாவி அந்தப் போனுக்குள்ள மட்டும்தான். கார்டை உருவி வேற போன்லயோ கம்ப்யூட்டர்லயோ போட்டா ஒண்ணும் தெரியாது. போனோட போர்டு போச்சுன்னா, இல்லை போனை ரீசெட் பண்ணினீங்கன்னா, சாவியும் போச்சு. கார்டு நல்லாவே இருந்தாலும் படம் வராது, ஃபோட்டோரெக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்தது, ஆப்பெல்லாம் கார்டுல உக்காந்தா கார்டோட வேகந்தான் போனோட வேகம்.

[காலை 8:08] ஈரோடு அண்ணா: ஆப் வெச்சே ஆகோணும்னா கார்டு மேல ஏ1 இல்லை ஏ2ன்னு போட்டிருக்கோணும். ஏ1ன்னா நொடிக்கு 1500 தாட்டி படிக்கவும் 500 தாட்டி எழுதவும் குறைஞ்சது முடியணும். ஏ2ன்னா 4000, 2000. சும்மா கிளாஸ் 10ன்னு மட்டும் போட்டிருந்தா அது நொடிக்கு 10 எம்பி தொடர்ந்து எழுதும்ங்கற உறுதி, அவ்வளவுதான். வீடியோவுக்குப் போதும், ஆப்புக்கு ஆகாது.

[காலை 8:10] கோபி அத்தை: அப்ப வாட்ஸ்அப் படமெல்லாம் தானாக் கார்டுக்குப் போகாதா?

[காலை 8:13] காங்கேயம் அக்கா: போகாதுங்க அத்தை, வாட்ஸ்அப்ல அதுக்கு வசதியே இல்லை. நாமதான் மாத்தோணும். ஃபைல்ஸ் ஆப் திறந்து உள் ஸ்டோரேஜ்ல ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியான்னு போங்க. படம் ஒரு ஃபோல்டர், வீடியோ ஒரு ஃபோல்டரா இருக்கும். மொதல்ல வீடியோவை எடுங்க, எடம் எச்சா அடைக்கறது அதுதான். கார்டுல வாட்ஸ்அப் வீடியோன்னு சொந்தமா ஒரு ஃபோல்டர் போட்டு அங்க "காப்பி" பண்ணுங்க. நாலஞ்சு திறந்து ஓடுதான்னு பார்த்துட்டு அப்பறம் பழசை அழிங்க. நேரா "மூவ்" கொடுத்து நடுவுல போன் அணைஞ்சா ரெண்டு பக்கமும் அரைகுறையா நிக்கும். மாத்தினதுக்கு அப்பறம் அந்தச் சாட்டுக்குள்ள வீடியோ திறக்காது, கேலரில திறக்கும். அது கோளாறில்லை.

[காலை 8:15] காங்கேயம் அக்கா: கார்டுல ஆண்ட்ராய்டு, டேட்டான்னு இருக்கற ஃபோல்டருக்குள்ள மட்டும் சொந்தப் படத்தை வெச்சுப் போடாதீங்க. அந்த ஆப்பை நீக்கினா அதோட ஃபோல்டரும் சேர்ந்து போயிரும். கேமரா படம் நேரா கார்டுக்குப் போக, கேமரா செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் லொகேஷனை எஸ்டி கார்டுன்னு மாத்தினா போதும்.

[காலை 8:21] திருப்பூர் தம்பி: அத்தை, கார்டு எங்க வாங்கினது? நெம்ப மலிவா இருந்துதா?

[காலை 8:22] கோபி அத்தை: சந்தைல வாங்கினது. பாதி வெலைதான்.

[காலை 8:27] திருப்பூர் தம்பி: அப்ப படம் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிருங்க. உள்ள 8 ஜிபியோ 16 ஜிபியோ சிப்பு வெச்சுட்டு 128ன்னு சொல்ற மாதிரி கண்ட்ரோலரை மாத்தி விக்கறாங்க. போன்லயும் 128ன்னுதான் காட்டும், ஃபார்மட்டும் ஒழுங்கா ஆகும். நிஜ எடம் தீர்ந்ததுக்கு அப்பறம் எழுதறதெல்லாம் காத்துல போகும், இல்லை பழசு மேல ஏறும். பேரும் சைஸும் தெரியும், திறந்தா பாதிப் படம் சாம்பலா இருக்கும்.

[காலை 8:30] திருப்பூர் தம்பி: கம்ப்யூட்டர்ல எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு சின்ன புரோகிராம், காசில்லாதது. கார்டு முழுக்க எழுதி, மறுபடி படிச்சு ஒத்துப் பாக்கும். நொடிக்கு 20 எம்பின்னு வெச்சுக்கிட்டா 128 ஜிபி எழுத மட்டும் 1 மணி 47 நிமிசம், படிக்க அதே அளவு. பொறுமையா விட்டுருங்க. கம்ப்யூட்டர்ல 119ன்னு காட்டினா அது ஏமாத்தில்லை. கம்பெனி 1000ல கணக்குப் போடறான், கம்ப்யூட்டர் 1024ல போடுது.

[காலை 8:41] சென்னிமலை சித்தப்பா: கடைப் பையன் கம்ப்யூட்டர்ல போட்டான், ஃபோல்டர் தெரியுது. ஸ்கேன் பண்ணச் சொல்லிப் பொட்டி வந்துது, மூடிட்டோம். காப்பி ஓடுது.

[காலை 8:42] ஈரோடு அண்ணா: நல்லதுங்க. டிசிஐஎம் (கேமரா படம் இருக்கற ஃபோல்டர்), பிக்சர்ஸ், மூவீஸ், டவுன்லோடு, நாலையும் பாத்துக்குங்க. சீர்ப் படத்தை மட்டும் மொதல்ல எடுத்துருங்க, மிச்சம் அப்பறம்.

[காலை 9:05] கோபி அத்தை: இன்னொண்ணு. கோயில் நோம்பிக்குப் பாட்டுப் போடற ஸ்பீக்கர்ல 64 ஜிபி கார்டைப் போட்டா படிக்கவே மாட்டேங்குது. போன்ல பாட்டு ஓடுது.

[காலை 9:09] திருப்பூர் தம்பி: 32 ஜிபி வரைக்கும் எஃப்ஏடி32, அதுக்கு மேல எக்ஸ்ஃபேட்னு ஃபார்மட் பண்றதுதான் வழக்கமுங்க, ரெண்டும் கார்டுல ஃபைலை அடுக்கற முறை. நெறைய ஸ்பீக்கருக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. 32 ஜிபி கார்டு போடறதே லேசான வழி. 64தான் இருக்குதுன்னா ரூஃபஸ்னு ஒரு புரோகிராம்ல எஃப்ஏடி32 ஆக்கலாம், விண்டோஸ் ஃபார்மட் பொட்டில 32க்கு மேல அது வராது. பாட்டுக்கு ஒண்ணும் குறையில்லை. எஃப்ஏடி32ல ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, அதனால முழு நீள வீடியோவுக்கு ஆகாது.

[மதியம் 12:18] சென்னிமலை சித்தப்பா: எல்லாம் ஏறிருச்சு சாமி. இனி ஃபார்மட் பண்ணலாமா?

[மதியம் 12:21] காங்கேயம் அக்கா: கம்ப்யூட்டர்ல பத்துப் படம், ரெண்டு வீடியோ திறந்து கடைசி வரைக்கும் பாருங்க சித்தப்பா. பாத்தாச்சுன்னா பண்ணலாம். சார்ஜ் பாதிக்கு மேல இருக்கட்டும். செட்டிங்ஸ், ஸ்டோரேஜ், அதுல எஸ்டி கார்டு, மேல மூணு புள்ளி, ஃபார்மட். சாம்சங்கா இருந்தா டிவைஸ் கேருக்குள்ள ஸ்டோரேஜ், அங்க எஸ்டி கார்டு. எடம் தெரியலைன்னா செட்டிங்ஸ் மேல தேடற பொட்டில எஸ்டின்னு அடிச்சாலே வந்துரும்.

[மதியம் 12:22] ஈரோடு அண்ணா: சாம்சங்ல எஸ்டி கார்டு என்கிரிப்ட் (பூட்டு) போட்டிருக்கறவங்க, போனை ரீசெட் பண்றதுக்கு முன்னாடி டீகிரிப்ட் பண்ணி அந்தப் பூட்டை எடுத்துருங்க. அதுக்கும் சாவி போனுக்குள்ளதான்.

[மதியம் 12:40] சென்னிமலை சித்தப்பா: ஃபார்மட் ஆயிருச்சுனு சொல்லுச்சு. அணைச்சுப் போட்டுட்டுத் திறந்தா பழைய படமெல்லாம் அப்பிடியே இருக்குது!

[மதியம் 12:43] ஈரோடு அண்ணா: அப்ப தூசியுமில்லை, அட்டவணையுமில்லை, கார்டு தேய்ஞ்சு போச்சுங்க சித்தப்பா. எழுதி எழுதி ஆயுசு தீர்ந்தா கண்ட்ரோலர் தானே எழுத்தைப் பூட்டிக்கும். படிக்க விடும், எழுதவோ அழிக்கவோ விடாது. அதனாலதான் போன் கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்குது. திரும்பத் திரும்ப ஃபார்மட் பண்ணினாலும் இதேதான் வரும். புதுசு போடுங்க. 64 ஜிபி, ஏ1, யு1 (நொடிக்கு 10 எம்பி எழுதற வேகக் குறி) போதும், உத்தரவாதச் சீட்டோட பில்லு போடற கடைல வாங்குங்க.

[மதியம் 12:45] சென்னிமலை சித்தப்பா: பழசைக் குப்பைல போட்டுரலாமா?

[மதியம் 12:48] ஈரோடு அண்ணா: அப்பிடியே போடாதீங்க. அழிக்க முடியாத கார்டு, எடுக்கறவங்க ரீடர்ல போட்டாப் படம் வரும். காப்பியை வேற ஒரு பென்டிரைவ்லயும் இன்னொரு செட்டு போட்டு வெச்சுட்டு, அப்பறம் கார்டை கட்டிங் பிளேயர்ல குறுக்கயும் நெடுக்கயும் நாலாத் துண்டு போடுங்க. சில்லு கண்ணுல தெறிக்கும், துணி சுத்திப் பிடிச்சுக்குங்க.