புதுப்பிப்பு: விரதமும் ஒற்றைத் தலைவலியும்

மாதவிலக்கை ஒட்டி வெள்ளிக்கிழமை விரதம் வந்தால் ஒற்றைத் தலைவலி தப்பாமல் வருகிறதே, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டேன்.

மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா இருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அதுவே இழுத்துக்கொள்கிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலருக்கு, வலி இல்லாத நாளிலும் மூளையில் ஆற்றல் கையிருப்பு குறைவு என்று ஸ்கேன் ஆய்வுகள் சொல்கின்றன. மாதவிலக்குக்கு முன் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சரியும். செல்லுக்குள் ஆற்றல் தயாராகும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையிலும் அதற்குப் பங்கு உண்டு. அன்று பார்த்து வயிற்றையும் காயப்போட்டால் கேட்கவா வேண்டும்! இப்போது அந்த வெள்ளிக்கிழமைகளில் காலையிலேயே அவலும் தயிரும் சாப்பிட்டுவிடுகிறேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம், ஒற்றைத் தலைவலிக்கு எடுக்கலாமா என்று பலர் கேட்ட வைட்டமின் பி2 மாத்திரை. 1998இல் வெளியான ஆய்வில் 55 பேர். தினம் 400 மில்லிகிராம், 3 மாதம். எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் மருத்துவர் எனக்கும் எழுதிக் கொடுத்தார். சிறுநீர் பளீர் மஞ்சளாகப் போகும், பதற வேண்டாம்.

வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரிபவர்கள், கருத்தடை மாத்திரை கேட்கும்போது அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை அவர்களுக்குப் பக்கவாத அபாயத்தைக் கூட்டும்.