புதுப்பிப்பு: ஊஞ்சலடி நெருப்பெறும்புப் புற்று

மார்ச் கடைசியில் எழுதியிருந்தேன்: டெக்சாஸில் எங்கள் வீட்டுக் கொல்லையில், ஊஞ்சலுக்குக் கீழே நெருப்பெறும்புப் புற்று. மகள் கணுக்காலைச் சுற்றிக் கடி, மறுநாள் ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கொப்புளம். என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். எட்டு வாரம் ஆகிவிட்டது. இப்போது புற்று இல்லை.

ரவையைத் தின்றால் எறும்பின் வயிறு உப்பி வெடிக்கும், அதனால் தூவுங்கள் என்று சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் அது பலிக்காது. வேலைக்கார எறும்புகளால் திரவத்தை மட்டும்தான் விழுங்க முடியும். திட உணவைக் கரைப்பது புற்றுக்குள் இருக்கும் எறும்புக் குஞ்சுகளான வளர்ந்த புழுக்கள். கொதிநீரும் வேண்டாம் என்று விட்டேன். புற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஊற்றினாலும் புற்றுகளில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் அழியும். குழந்தை ஓடும் இடத்தில் அத்தனை கொதிநீரைத் தூக்கி நடக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கை கொடுத்தது ஸ்பினோசாட் என்ற பூச்சிக்கொல்லி கலந்த இரை மருந்து. விளையாட்டுத் திடலில் போடலாம் என்று லேபிளிலேயே இருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். முதலில் ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸைப் புல்லில் வைத்தேன். கால் மணி நேரத்தில் விளிம்பெல்லாம் சிவப்பாக மொய்த்துவிட்டது. சரி, பசியோடு அலைகின்றன என்று அன்று சாயங்காலமே தூவினேன். மழையில்லாத நாள், தரை காய்ந்திருந்தது. புற்றை மட்டும் கிளறவே இல்லை. கிளறினால் இடம் மாறிவிடும். லேபிளில் சொன்ன நேரம்வரை மகளை வெளியே விடவில்லை.

அப்புறம் ஒன்று: டப்பாவைத் திறந்தால் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். இரையில் இருக்கும் சோயா எண்ணெய் சிக்குவாடை அடித்தால் எறும்பு தொடாது. எறும்பு கடித்தபின் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் மருந்து தேடாமல் உடனே 911-ஐ அழையுங்கள்.

நேற்று மகள் வெறுங்காலோடு ஊஞ்சலாடினாள்.